கணுக்காலில் வருடா வருடம் வெடிக்கும் புண்கள்: அழற்சி இல்லாத ரத்தநாள அடைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒருவரின் கேஸ் ஷீட் அல்ல. லிவிடாய்டு வாஸ்குலோபதி (தோலின் சிறு ரத்தநாளங்கள் அழற்சி இல்லாமலே உறைவால் அடைபடும் நோய்) நோயாளிகள் வழக்கமாக எப்படி வருகிறார்கள், சரியான பெயர் கிடைப்பதற்கு முன் எங்கெல்லாம் திசைமாறிப் போகிறார்கள் என்பதை ஒரே ஆளின் மீது வைத்துத் தொகுத்த பயிற்சி நிகழ்வு. மருந்து அளவுகளும் பரிசோதனை முறைகளும் நடைமுறையில் உள்ளவை. படித்துவிட்டுத் தானாக மருந்து வாங்கிச் சாப்பிடுவதற்கு அல்ல. ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளில் அந்த விளையாட்டு ஆபத்தானது.

வந்த நிலை

29 வயதுப் பெண். ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் விற்பனையாளர். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை, சாப்பாட்டு நேரம் போக, நின்றே வேலை. சைவ உணவு, பால், தயிர் எப்போதாவது. நான்கு வயதில் ஒரு குழந்தை. கருச்சிதைவு இல்லை, காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்த வரலாறு இல்லை, சர்க்கரை இல்லை, புகையிலை இல்லை.

மூன்று வருடமாகச் சித்திரை பிறந்தால் இரண்டு கணுக்கால்களிலும் சிறு சிறு புண்கள். ஆவணி, புரட்டாசி வரை இழுக்கும். ஆறிய இடம் வெள்ளையாகிவிடும். அடுத்த கோடையில் அதன் ஓரத்திலேயே மறுபடி வெடிக்கும். புண்ணின் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத வலி. "மிளகாய் அரைச்சு அப்பின மாதிரி எரியுது டாக்டர், ராத்திரி காலைத் தொங்கப் போட்டாலும் எரியுது, தூக்கி வச்சாலும் எரியுது" என்பது அவர் சொன்னது. பத்துக்கு எட்டு என்று வலி அளவுகோலில் காட்டினார். ஐந்து மில்லிமீட்டர் புண்ணுக்கு இவ்வளவு வலி என்றால் அந்தத் தோலுக்கு ரத்தம் போகவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

முதல் வருடம் வெரிகோஸ் புண் என்று சொல்லிக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். டாப்ளரில் சிரை வால்வுகள் சரியாக இருந்தும் அந்தப் பெயர் மாறவில்லை. இரண்டாம் வருடம் ரத்தநாள அழற்சி, அதாவது வாஸ்குலைட்டிஸ், என்று பயாப்ஸி எடுக்காமலே முடிவு செய்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 40 மி.கி.யில் ஆரம்பித்தார்கள், கூடவே அழற்சியைக் குறைக்கும் டாப்சோன் 100 மி.கி. வலி லேசாகக் குறைந்தது, புண் ஆறவில்லை, எடை ஏழு கிலோ ஏறியது. மூன்றாம் வருடம் புண்ணின் மேலிருந்த மஞ்சள் படிவத்தைச் சுரண்டி எடுத்தார்கள். எட்டு மில்லிமீட்டர் இருந்த புண் பத்து நாளில் மூன்று சென்டிமீட்டர் ஆனது. வரும்போது பிரெட்னிசோலோன் 15 மி.கி. இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

காலைப் பார்த்தபோது

இந்த நோயில் கால் ஒரே பார்வையில் மூன்று காலகட்டத்தையும் காட்டும். உள் கணுவைச் சுற்றி இரண்டு முதல் நான்கு மி.மீ. அளவில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினால் நிறம் மறையவில்லை, சிலவற்றின் நடுவில் கறுத்த பொருக்கு. இவை புதியவை. அவற்றுக்குப் பக்கத்தில் விளிம்பு செங்குத்தாக, துளையிட்டு எடுத்தாற்போல ஏழு புண்கள். இவற்றுக்கிடையே பீங்கான் வெள்ளையில், நட்சத்திர வடிவத்தில் குழிந்த தழும்புகள். ஓரத்தில் குண்டூசி முனை அளவுச் சிவப்புப் புள்ளிகள், அதைச் சுற்றிப் பழுப்பு நிறம். 'அட்ரோஃபி பிளாஞ்ச்' என்று பாடநூல்கள் சொல்லும் வெண்தழும்பு இதுதான்.

முழங்காலுக்குக் கீழ் பாதி வரை ஊதா நிற வளையக் கோலம். இதைப் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. தோலுக்கு மேலேறி வரும் ஒவ்வொரு நுண்தமனியும் ஒன்று முதல் மூன்று செ.மீ. அகலமுள்ள வட்டத்துக்கு ரத்தம் தருகிறது. வட்டத்தின் விளிம்பில் ஓட்டம் மெதுவாகி ஆக்சிஜன் குறைவதால் அங்கே நீலம் பாரிக்கும். குளிரில் எல்லா நாளங்களும் சமமாகச் சுருங்கினால் வளையங்கள் முழுமையாக, ஒரே அளவில் தெரியும். காலைச் சூடாக்கினால் மறையும். அது பெரும்பாலும் இயல்பானது. இங்கே வளையங்கள் உடைந்து, கிளைவிட்டு, ஒழுங்கில்லாமல் இருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்த பிறகும் போகவில்லை. உடைந்த வளையம் என்றால் அங்கங்கே சில நாளங்கள் மட்டும் அடைபட்டிருக்கின்றன. லிவிடோ ரெசிமோசா என்ற இந்த வடிவத்தைக் கண்டால் விடக்கூடாது.

தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பில் நடுவே தந்த வெள்ளை, ஓரத்தில் சுருண்ட நுண்குழாய்கள் ஆரம் ஆரமாக அமைந்திருந்தன. பாத நாடித்துடிப்புகள் இரண்டும் நன்றாக இருந்தன. நிற்க வைத்துப் பார்த்தபோது புடைத்த சிரை இல்லை. முழங்கால் பக்கவாட்டு நரம்பும் உள்கணுவுக்குப் பின்னுள்ள நரம்பும் தடித்திருக்கவில்லை. நம் ஊரில் கால் புண்ணும் மரத்துப்போதலும் சேர்ந்து வந்தால் தொழுநோயைத் தேடாமல் விடக்கூடாது என்பதால் இது முக்கியம். இரு பெருவிரல்களிலும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு குறைவாக உணரப்பட்டது. இந்த ஒரு குறிப்பு பிறகு உதவியது.

கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதம் எடுக்கப்பட்டது. பத்து நிமிடம் படுக்க வைத்து, 8 மெகாஹெர்ட்ஸ் கை டாப்ளரால் பாதத்தின் மேல்புறத் தமனி, உள்கணுத் தமனி இரண்டிலும் அழுத்தம் பார்த்து, எது அதிகமோ அதை இரு கைகளில் அதிகமான அழுத்தத்தால் வகுக்க வேண்டும். வலது 1.08, இடது 1.10. இந்த எண் கையில் இல்லாமல் யாருக்கும் இறுக்கக் கட்டு போடக்கூடாது. 0.8க்குக் கீழே போனால் அழுத்தமான கட்டு பாதத்துக்கு வரும் ரத்தத்தையே நிறுத்திவிடலாம்.

வேறு எதுவாக இருக்கலாம்?

சிரைக் கோளாறில் வெண்தழும்பு வரலாம், ஆனால் வீக்கமும் வால்வுக் கசிவும் கூடவே இருக்கும். டூப்ளெக்ஸ் ஸ்கேனில் இரண்டும் இல்லை. சிறுநாள அழற்சியில் தொட்டால் தட்டுப்படும் சிவப்புப் புள்ளிகள் கொத்தாக, ஒரே வயதில் வரும். சில வாரங்களில் போய்விடும். வெண்தழும்பும் உடைந்த வளையமும் அதன் பாணி இல்லை. உண்மையில் குழப்புவது தோல் சார்ந்த பாலியார்ட்டரைட்டிஸ் நோடோசா. அதிலும் உடைந்த வளையம் உண்டு, புண் உண்டு, நரம்பு பாதிப்பும் உண்டு. தோலுக்கடியில் வலிக்கும் முடிச்சுகள் இருந்தால் அதன் பக்கம் சாய வேண்டும். அழற்சி அங்கே கொழுப்பு அடுக்கை ஒட்டிய நடுத்தரத் தமனியில் இருக்கும் என்பதால், மேலோட்டமாக எடுத்த பயாப்ஸி அதைப் பிடிக்கவே பிடிக்காது.

அழற்சி இல்லாத அடைப்புகளிலும் பல வகை. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குத் தொடையிலும் வயிற்றிலும் கல்போல் இறுகிக் கறுக்கும் தோல் என்றால் கால்சிஃபைலாக்சிஸ். நாளச் சுவரில் சுண்ணாம்பு படிவதால் வருவது. ஆஞ்சியோகிராம் செய்த சில நாள் முதல் சில வாரங்களுக்குள் கால்விரல் நீலமாகி, ஈசினோஃபில் என்ற வெள்ளையணு ஏறி, சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறினால் கொலஸ்ட்ரால் துகள் அடைப்பு. பயாப்ஸியில் ஊசி வடிவ வெற்றிடம் தெரியும். வார்ஃபரின் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள் மார்பகம், தொடை, பிட்டம் போன்ற கொழுப்பு மிகுந்த இடம் கறுத்தால் வார்ஃபரின் திசுச்சிதைவு. குளிரில் மட்டும் காது, மூக்கு, விரல் நுனி கறுத்தால் முதல் வகைக் கிரையோகுளோபுலின் (குளிரில் படியும் ரத்தப் புரதம்). அதன் பின்னால் ரத்தப் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம். ஹைட்ராக்ஸியூரியா (சில ரத்த நோய்களுக்கான மருந்து) சாப்பிடுபவருக்கும் கணுவில் இதே போன்ற வலிமிகு புண் வரும். நீலகிரிப் பழங்குடியினர் என்றால் அரிவாள் செல் நோயைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் அந்நோய் முதன்முதலாக 1952ல் லேமனும் கட்புஷ்ஷும் பதிவு செய்தது அந்த மலை மக்களிடம்தான்.

இவருக்கு டயாலிசிஸ் இல்லை, ஆஞ்சியோ இல்லை, அப்படிப்பட்ட மருந்து எதுவும் இல்லை, குளிரில் அல்ல கோடையில் ஏறுகிறது. மீதமிருந்தவை பாலியார்ட்டரைட்டிஸ் நோடோசா, ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் (உடலின் எதிர்ப்புப் புரதங்களே உறைவைத் தூண்டுவது), லிவிடாய்டு வாஸ்குலோபதி.

பயாப்ஸி: எங்கே, எப்படி

இந்த நோயில் பயாப்ஸி பொய்யாவதற்குக் காரணம் பெரும்பாலும் நுண்ணோக்கி அறையில் இல்லை, எடுத்த இடத்தில் இருக்கிறது. புண்ணின் நடுவில் எடுத்தால் சீழணுக்கள் நிறைந்திருக்கும். அதைப் பார்த்து வாஸ்குலைட்டிஸ் என்று அறிக்கை வந்துவிடும். எந்தப் புண்ணின் அடியிலும் நாளங்களுக்கு இரண்டாம்பட்ச அழற்சி இருக்கும் என்பதை அறிக்கை எழுதுபவருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வெண்தழும்பில் எடுத்தால் இறுகிய நார்த்திசு மட்டுமே மிஞ்சும்.

எடுக்க வேண்டியது 48 மணி நேரத்துக்குள் தோன்றிய, இன்னும் உடையாத கருஞ்சிவப்புப் புள்ளியில். அது கிடைக்காவிட்டால் புண்ணின் விளிம்பில், நல்ல தோலும் சேரும்படி, நீள்வட்டமாக வெட்ட வேண்டும். எலும்பு மேட்டின் மேல் வேண்டாம், ஆறாது. அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்ன் 2 சதவீதம் போதும். ஏற்கெனவே ரத்தம் குறைந்த தோலை மேலும் சுருக்க வேண்டியதில்லை. ஆழம் மஞ்சள் கொழுப்பு தெரியும் வரை. நான்கு மி.மீ. பஞ்ச் (வட்ட வெட்டுக் கருவி) போட்டு மேலோடு நறுக்கிவிட்டால் பாலியார்ட்டரைட்டிஸ் நோடோசா இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்காது. இவருக்குப் பத்துக்கு ஐந்து மி.மீ. நீள்வட்டத் துண்டு எடுத்து, நான்கு-பூஜ்யம் நைலானில் தைத்து, 14ஆம் நாள் தையல் பிரிக்கப்பட்டது. கால் என்பதால் ஏழாம் நாளில் பிரித்தால் வாய் விட்டுவிடும்.

இரண்டாவதாக ஒரு நான்கு மி.மீ. துண்டு நேரடி இம்யூனோஃபுளோரசன்சுக்கு (திசுவில் படிந்த எதிர்ப்புப் புரதங்களை ஒளிரவைத்துப் பார்ப்பது). அது ஃபார்மலினில் விழுந்தால் வீண். மிச்சல் திரவம் வேண்டும். இல்லையென்றால் சாதாரண சலைனில் போட்டு 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். இரண்டு பாட்டில்களும் ஒரே தட்டில் இருக்கும்போது மாறிப்போவது அடிக்கடி நடக்கிறது. மூடியில் எழுதாமல் பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள்.

அறிக்கை: தோலின் உள் அடுக்கான டெர்மிஸின் மேல், நடுப்பகுதிச் சிறுநாளங்கள் பலவற்றில் உள்குழாய் முழுக்க ஃபைப்ரின் (ரத்தக்கட்டின் நார்ப்புரதம்) அடைப்பு, நாளச் சுவர் தடித்துக் கண்ணாடித்தன்மை அடைந்திருக்கிறது, பி.ஏ.எஸ். சாயம் ஏற்கிறது, சிவப்பணுக்கள் வெளியே கசிந்துள்ளன. நாளச் சுவருக்குள் நியூட்ரோஃபில் (சீழணு) இல்லை, உடைந்த உட்கருத் துகள் இல்லை. சுற்றிலும் சில லிம்ஃபோசைட்டுகள் மட்டும். கொழுப்பு அடுக்கின் தமனிகள் இயல்பு. அதாவது அடைப்பு உண்டு, நாள அழற்சி இல்லை, பாலியார்ட்டரைட்டிஸ் நோடோசாவும் இல்லை. இம்யூனோஃபுளோரசன்சில் நாளச் சுவரில் ஃபைப்ரினோஜனும், கொஞ்சம் ஐ.ஜி.எம்., சி3 என்ற எதிர்ப்புப் புரதங்களும். கடைசி வரியைப் படித்ததும் 'இம்யூன் நோய்தானே, ஸ்டீராய்டு தொடரலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. அடைபட்டுச் சேதமான நாளத்தில் இந்தப் புரதங்கள் கசிந்து ஒட்டிக்கொள்வது வழக்கம். அதை மட்டும் வைத்து அழற்சி என்று சொல்ல முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு வயது அதிகம். பிரெஞ்சுத் தோல் மருத்துவர் மிலியான் 1929ல் வெண்தழும்பை விவரித்தபோது மேகநோயோ காசநோயோ காரணம் என்று நினைத்தார். 1950களில் மேயோ கிளினிக்கிலிருந்து ஃபெல்டாக்கரும் சகாக்களும், கோடையில் புண் வெடிக்கும் வளையக் கோலம் என்று இதைப் பிரித்துக் காட்டினார்கள். 1967ல் பார்டும் விங்கெல்மனும் நாளச் சுவரின் கண்ணாடிப் படிவை விவரித்தார்கள். ஆனால் வாஸ்குலைட்டிஸ் பட்டியலிலேயே வைத்தார்கள். உறைவுதான் அடிப்படை என்ற பார்வை 1990களின் இறுதியில்தான் நிலைபெற்றது. அதுவரை ஸ்டீராய்டு வாங்கிய கால்கள் எத்தனையோ.

ரத்தப் பரிசோதனை: எதை முதலில், எப்படி எடுத்து

உறைவுத் தடுப்பு மருந்து தொடங்குவதற்கு முன் எடுக்க வேண்டியவற்றை எடுத்துவிட வேண்டும். வார்ஃபரின் போட்ட பிறகு, உறைவைக் கட்டுப்படுத்தும் புரோட்டீன் சி, எஸ் இரண்டும் குறைவாகக் காட்டும். ஹெப்பாரின், அதே வேலை செய்யும் ஆன்டித்ராம்பினைக் குறைக்கும். ரிவராக்சபான் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை, ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்கான லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட் பரிசோதனையைப் பொய்யாக நேர்மறை ஆக்கும். கர்ப்ப காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையிலும் புரோட்டீன் எஸ் இயல்பாகவே தாழும். இவை தெரியாமல் ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்கிய அறிக்கைகள் குப்பைக்குத்தான் போகும்.

இவருக்கு ஏ.என்.ஏ., ஆன்கா (இரண்டும் தன்னெதிர்ப்பு நோய்களுக்கானவை), ஹெபடைட்டிஸ் பி, சி, ஹெச்.ஐ.வி., மேகநோய்க்கான வி.டி.ஆர்.எல். எல்லாம் எதிர்மறை. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இயல்பு. புரோட்டீன் சி, எஸ், ஆன்டித்ராம்பின் இயல்பு. லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்ற மூன்று ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனைகளும் எதிர்மறை. ஆக மீதமிருந்தது லிவிடாய்டு வாஸ்குலோபதி. உறைவைக் கூட்டும் ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் என்ற மரபணு மாற்றம் ஐரோப்பியரை விட இங்கே மிகக் குறைவு. இருந்தாலும் பார்த்தார்கள், இல்லை.

கிரையோகுளோபுலினுக்கு ஊசி, குழாய் இரண்டையும் 37 டிகிரியில் சூடாக்கி எடுத்து, உறையும் வரை அதே சூட்டில் வைத்து, சீரத்தைப் பிரித்த பிறகே நான்கு டிகிரியில் ஏழு நாள் வைக்க வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்பினால் கிரையோகுளோபுலின் கட்டியோடு சேர்ந்து படிந்துவிடும், முடிவு எதிர்மறை என்று வரும். இது முறையாக எடுக்கப்பட்டது, எதிர்மறை. ஹோமோசிஸ்டீனுக்கு (பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அமினோ அமிலம்) நேர் எதிர்: எடுத்த உடனே ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜ் செய்ய வேண்டும். தாமதித்தால் சிவப்பணுக்களிலிருந்து கசிந்து எண் பொய்யாக ஏறும்.

ஹோமோசிஸ்டீன் லிட்டருக்கு 41 மைக்ரோமோல்; 15க்குள் இருக்க வேண்டியது. பி12 மி.லி.க்கு 118 பிகோகிராம். 200க்குக் கீழே குறைவு. ஹீமோகுளோபின் 11.2. சிவப்பணுவின் சராசரி அளவு 88, அதாவது இயல்பு. பி12 குறைந்தால் அணு பெரிதாகுமே என்று தோன்றும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9 என்று வந்ததில் விடை இருந்தது. இரும்புக் குறைவு அணுவைச் சிறிதாக்கும், பி12 குறைவு பெரிதாக்கும், சராசரியில் இரண்டும் சமன்பட்டு மறைந்துவிடும். விரலில் அதிர்வு குறைந்ததற்கும் கணக்கு வந்தது. ஆனாலும் லிவிடாய்டு வாஸ்குலோபதியே நரம்புக்குப் போகும் நுண்நாளங்களை அடைத்து நரம்பைக் கெடுக்கும் என்பதால் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் எடுத்து வைத்தார்கள். இரு கால்களிலும் சமமாக, உணர்வு நரம்பில் மட்டும் பாதிப்பு. அது பி12 பக்கம் சாய்ந்தது.

ஹோமோசிஸ்டீன் ஏறியதுதான் காரணம் என்று எழுதி முடித்துவிடலாமா? முடியாது. சைவ உணவு உண்பவர்களில் பி12 குறைவு நம்மிடம் பரவலானது. அவர்களில் மிகச் சிலருக்கே இந்த நோய். நாளத்தின் உட்சுவரைக் கெடுத்து உறைவைத் தூண்டும் பல காரணிகளில் ஒன்று, சுலபமாகச் சரிசெய்யக்கூடியது, அவ்வளவுதான். ஹோமோசிஸ்டீனோடு தொடர்புடைய எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிப்பதில் பயன் இல்லை. முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது.

ஏன் கணுக்கால், ஏன் கோடை? நிற்கும்போது சிரை அழுத்தம் உச்சமாவது அங்கே. ரத்த ஓட்டம் மெதுவாவதும் அங்கே. உறைந்த ஃபைப்ரினைக் கரைக்கும் திறனும் காலில் குறைவு. வெயிலில் நாளங்கள் விரிந்து, பாதம் வீங்கி, ஓட்டம் இன்னும் தளர்கிறது என்பது பொதுவான விளக்கம். பதினோரு மணி நேரம் நிற்பது இந்தப் பெண்ணின் கால்களுக்கு என்ன செய்திருக்கும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சிகிச்சை

பிரெட்னிசோலோன் சட்டென்று நிறுத்தப்படவில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்கு அட்ரினல் சுரப்பி தூங்கியிருக்கும். ஆறு வாரத்தில் படிப்படியாக இறக்கப்பட்டது. டாப்சோன் அன்றே நின்றது.

நோய் லேசாக இருந்தால், ரத்த ஓட்டத்தை எளிதாக்கும் பென்டாக்சிஃபிலின் 400 மி.கி. சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை, கூட ஆஸ்பிரின் 75 மி.கி. என்று தொடங்குவது வழக்கம். ஏழு புண்ணும் எட்டு வலியும் உள்ளவருக்கு அதில் எட்டு வாரம் காத்திருப்பது வீண் என்பது இக்குறிப்பை எழுதுவோரின் கருத்து. ரிவராக்சபான் 10 மி.கி. தினம் இரு வேளை தொடங்கப்பட்டது. இந்த நோய்க்கென்று அனுமதி பெற்ற மருந்து அல்ல அது; நோயாளியிடம் சொல்லி, ஒப்புதலை எழுதி வாங்க வேண்டும். ஆதாரம் ஜெர்மனியில் நடந்து 2016ல் வெளியான ஆய்வு: 25 பேர், இதே அளவு, 12 வாரத்தில் நூற்றுக்கு 65ஆக இருந்த நடுமதிப்பு வலி 6ஆக இறங்கியது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வுதான், ஆனால் அரிய நோய்க்கு இதைவிட நல்லது கையில் இல்லை. 10 மி.கி. மாத்திரையை உணவோடு சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 15, 20 மி.கி.க்குத்தான் அது.

மூன்று ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனைகளும் நேர்மறையாக வந்திருந்தால் ரிவராக்சபான் கூடாது. அத்தகையவர்களிடம் வார்ஃபரினோடு ஒப்பிட்ட இத்தாலிய ஆய்வு, ரிவராக்சபான் குழுவில் பக்கவாதமும் மாரடைப்பும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டு, 2018ல் வெளியானது. முதலிலேயே அந்தப் பரிசோதனைகளை எடுத்தது இதற்காகத்தான்.

பி12: 1000 மைக்ரோகிராம் ஊசி ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு ஊசி, பிறகு வாரம் ஒன்றாக நான்கு, பிறகு மாதம் ஒன்று. ஃபோலிக் அமிலம் 5 மி.கி. அதனுடன்தான், ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தச்சோகை சரியானது போல் காட்டி நரம்பு தொடர்ந்து கெடும். இரும்பு மாத்திரை ஒன்று.

புண்ணைச் சுரண்டக் கூடாது. இதைத் தனிக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தார்கள், ஏனென்றால் கட்டு மாற்றும் இடத்தில் யாராவது கத்தி எடுப்பார்கள். சலைனால் கழுவி, ஒட்டாத பாரஃபின் வலை வைத்து, மேலே பஞ்சுக் கட்டு; ஒருநாள் விட்டு ஒருநாள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். ஆன்டிபயாட்டிக், சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும். படிவம் மஞ்சளாக இருப்பது சீழ் அல்ல. எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி.

வலி குறைந்த பிறகு, மூன்றாம் வாரத்தில், முழங்காலுக்குக் கீழான முதல் வகுப்பு (லேசான அழுத்தம்) கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங். ஆறாம் வாரத்தில் இரண்டாம் வகுப்பு. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் போட வேண்டும். கால் வீங்கிய பிறகு அளவெடுத்து வாங்கினால் அது தளர்ந்து கணுவில் மடிந்து, மடிப்பே புதுப் புண்ணாகும். மே மாத வெயிலில் இதைப் போடச் சொல்வது எளிது, போடுவது கடினம். காலை வேளை மட்டும் போட்டாலும் போடாததற்கு மேல்.

நிற்பதைப் பற்றி: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் சேர்த்த 22-ஏ பிரிவு, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்கிறது. மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயரோடு, ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் காலை நீட்டி உட்கார வேண்டும் என்றும் குறிப்பிடப்பட்டது. பில் போடும் இடத்துக்கு மாற்றினார்கள்.

போக்கு

இரண்டாம் வாரத்தில் வலி எட்டிலிருந்து மூன்று. புதுப் புள்ளிகள் நின்றன. பத்தாம் வாரத்தில் ஏழு புண்ணும் மூடின. சுரண்டிப் பெரிதானது கடைசியாக மூடியது. எட்டாம் வாரத்தில் ஹோமோசிஸ்டீன் 13. ஏற்கெனவே வெள்ளையான தழும்புகள் அப்படியே இருக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் ஏமாற்றம் இல்லை. 12 வாரம் முடிந்ததும் ரிவராக்சபான் தினம் ஒரு வேளை ஆனது.

பதினாறாம் வாரத்தில் கோளாறு. மாதவிடாய் பத்து நாள் நீடித்து, ஹீமோகுளோபின் 9.1க்கு இறங்கியது. அவரே மாத்திரையை நிறுத்திவிட்டார். 12ஆம் நாள் வலது உள்கணுவில் மூன்று புதுப் புள்ளிகள். அந்த ஜெர்மானிய ஆய்விலும் அதிகம் பதிவான பக்கவிளைவு மாதவிடாய் அதிகப்போக்குதான். ஆகவே மருந்து தொடங்கும் அன்றே எத்தனை நாள், எத்தனை நாப்கின் என்று கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். இவரது கோப்பில் அது இல்லை, ஃபெரிட்டின் 9 என்ற குறிப்பு இருந்தும். இந்தக் கட்டத்தில் இரண்டு தவறுகள் சுலபமாக நடக்கும். ஒன்று, போக்கை நிறுத்த டிரானெக்ஸாமிக் அமிலம் எழுதுவது. ஃபைப்ரின் கரைவதைத் தடுக்கும் மருந்தை, ஃபைப்ரின் கரையாததால் வந்த நோய்க்குக் கொடுப்பதாகும். மற்றொன்று, ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரை. அது உறைவைத் தூண்டும். மகப்பேறு மருத்துவர், ஈஸ்ட்ரோஜன் இல்லாத ஹார்மோனை வெளியிடும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனத்தைக் கருப்பையில் பொருத்தினார். போக்கு மூன்று மாதத்தில் அடங்கியது. ரிவராக்சபான் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பதற்கும் அதுவே வழியானது. தினம் 10 மி.கி. மறுபடி தொடங்கியதும் புள்ளிகள் உடையாமலே மங்கின.

படர்தாமரைக்கு எழுதப்படும் இட்ராகோனசோல் பற்றித் தனியாக எச்சரிக்கப்பட்டது. நம் ஊரில் தோல் மருத்துவரிடம் போகிறவர்கள் பலர் கையில் அது இருக்கும். ரிவராக்சபான் உடலிலிருந்து வெளியேறுவதை அது தடுத்து, ரத்தக்கசிவைக் கூட்டும். ரிஃபாம்பிசின், ஃபெனிட்டாயின், கார்பமசெபின் இதற்கு எதிர். ரத்தத்தில் மருந்தின் அளவைக் குறைத்து நோயைத் திரும்ப வரவழைக்கும். உடல்வலிக்கு மெடிக்கல் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் எத்தனை வேளை விடுவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். விடச் சொல்வதை மட்டும் எல்லாரும் சொல்வார்கள்.

அடுத்த கோடைக்கான திட்டம்: குளிர்காலத்தில் புள்ளி ஏதும் இல்லையென்றால் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம், பங்குனி நடுவில் மறுபடி தொடங்கி ஆவணி வரை. தினம் 10 மி.கி.யிலும் வெடித்தால் இரு வேளைக்கு ஏற்றுவது. அதுவும் பலிக்காவிட்டால் எனாக்சபாரின் (ஊசியாகப் போடும் உறைவுத் தடுப்பு மருந்து) கிலோவுக்கு 1 மி.கி.; அதற்கும் மசியாதவர்களுக்கு இம்யூனோகுளோபுலின், கிலோவுக்கு 2 கிராம் வீதம் ஒரு சுற்றுக்கு, சில நாட்களில் பிரித்து. அதன் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாது என்பதால் அது கடைசியில்.

இரண்டாவது குழந்தை வேண்டும் என்று முடிவு செய்ததும் முதலில் வர வேண்டியது இங்கேதான். சாதனத்தை எடுக்கும் முன் ரிவராக்சபானை நிறுத்தி எனாக்சபாரின் 40 மி.கி. தினம் ஒரு ஊசிக்கு மாற்ற வேண்டும். கர்ப்பத்தில் இந்த நோய் கிளறும் என்பதால் ஊசி பிரசவம் வரை தொடரும், நாள் நெருங்கும்போது முதுகில் போடும் மயக்க ஊசிக்கு 12 மணி நேரம் முன்பே நிறுத்தி, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை மறுபடி. பி12 மாத ஊசி இடையில் நிற்கக் கூடாது. குறைந்த பி12 குழந்தையின் நரம்பையும் பாதிக்கும்.